மலைக் கூட்டுறவின் ஸ்பெஷாலிட்டி காபியைக் கும்பகோணத்துக் கடை வாங்கலாமா?

கும்பகோணத்தில் தாத்தா காலத்திலிருந்து கொட்டை வறுத்து அரைத்து விற்கும் கடை உங்களுடையது. மலையில் சிறு விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஒரு கூட்டுறவு, ஸ்பெஷாலிட்டி காபி, அதாவது சுவைத்து மதிப்பெண் போட்டுத் தேர்ந்த உயர்தரக் காபி என்று சொல்லி சாம்பிள் அனுப்பியிருக்கிறது. நீங்கள் வழக்கமாக வாங்கும் பிளாண்டேஷன் ஏ-வைவிட (கழுவிப் பதப்படுத்திய அரபிகாவில் பெரிய கொட்டை) விலை ஒன்றரை மடங்கு. அந்த விலைக்கு நியாயம் உண்டா, பணம் விவசாயி கைக்குப் போகிறதா, பாலும் டிகாக்‌ஷனுமாகக் குடிக்கும் நம் ஊர் நாக்குக்கு இது பிடிக்குமா, இதையே டெல்டாவில் வளர்த்தால் என்ன என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நானும் காவிரிக்கரைக்காரன், திருவையாறு. காபித் தரம் பார்ப்பதுதான் தொழில். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். டெல்டாவில் காபி வராது. காபியில் அரபிகா, ரொபஸ்டா என்று இரண்டு முக்கிய வகை. அரபிகாவுக்கு ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரம், 15 முதல் 25 டிகிரி வரையிலான குளிர்ச்சி, நீர் தேங்காத சரிவு எல்லாம் வேண்டும். ரொபஸ்டா அதைவிடத் தாழ்வான இடத்தையும் வெப்பத்தையும் தாங்கும். ஆனால் அதுவும் நம் சித்திரை வெயிலையும் ஐப்பசியில் தண்ணீர் நிற்கும் களிமண்ணையும் தாங்காது. கொல்லையில் தென்னை நிழலில் ஒரு செடி அழகுக்கு நிற்கலாம், காய்ப்பை நம்பி நட முடியாது. காபியில் நமக்குள்ள பங்கு வாங்குவதும் வறுப்பதும் குடிப்பதும்தான். அந்தப் பங்கு சிறியதல்ல.

இனி விலை. அதைப் புரிந்துகொள்ள, பறித்த முதல் இரண்டு நாளில் பழத்துக்கு என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

தமிழ்நாட்டில் காபி ஏறத்தாழ 35,000 ஹெக்டேரில் விளைகிறது. ஏற்காடு, கொல்லிமலை, நீலகிரி, ஆனைமலை, தாண்டிக்குடியை ஒட்டிய கீழ்ப்பழனி மலை என்று இடங்கள். மத்திய அரசின் காபி வாரியக் கணக்கில் 10 ஹெக்டேருக்குக் குறைவாக வைத்திருப்பவர் சிறு விவசாயி. நாட்டிலுள்ள காபித் தோட்டங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வகைதான். ஆனால் நாம் பேசுவது இன்னும் சின்ன ஆட்களைப் பற்றி. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர். அதிலேயே மலைவாழை, மிளகு, ஆரஞ்சு, நிழலுக்கு சில்வர் ஓக். காபி அந்த வீட்டுக்கு வரும் நான்கைந்து வருமானங்களில் ஒன்று.

அப்படிப்பட்ட ஒரு குடும்பம் சீசனில் ஒரு நாள் முழுக்கப் பறித்தால் 50 முதல் 100 கிலோ பழம் சேரும். சிவக்கப் பழுத்த பழத்துக்குள் சர்க்கரை இருக்கிறது. குவித்து வைத்தால் அன்றிரவே சூடேறிப் புளிக்கத் தொடங்கும். அதைத் தடுக்க வேண்டுமானால் அன்று மாலைக்குள் பல்ப்பரில் போட்டுத் தோலை உரித்தாக வேண்டும். 50 கிலோ பழத்துக்காக யார் பல்ப்பர் வாங்குவார்கள்? தொட்டி, தண்ணீர், கரண்ட் எல்லாவற்றுக்கும் எங்கே போவார்கள்? அதனால் காலங்காலமாக நடப்பது வேறு. பச்சை, செங்காய், பழம், கறுத்துக் காய்ந்தது என்று எல்லாவற்றையும் ஒரே உருவாக உருவி, வீட்டு வாசலிலோ பாறையிலோ கொட்டி, தோலோடு காயவைத்து, மூட்டை கட்டி வியாபாரியிடம் போடுவார்கள். தொழிலில் இதற்கு ‘செர்ரி’ என்று பெயர். வியாபாரி பத்து வீட்டுச் செர்ரியை ஒன்றாகக் கொட்டிவிடுவார். நல்ல பழத்தை மட்டும் பார்த்துப் பறித்த வீட்டுக்கும் உருவிக் கொட்டிய வீட்டுக்கும் ஒரே விலை. இந்த நிலையில் பார்த்துப் பார்த்துப் பறிப்பவர் தன் உழைப்பைத்தான் வீணாக்குகிறார்.

இது விவசாயியின் அலட்சியம் என்று சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் நாட்டுக் காபி விற்பனையே நீண்ட காலம் அப்படித்தான் அமைந்திருந்தது. 1942-ஆம் ஆண்டுக் காபிச் சட்டத்துக்குப் பிறகு, விளைந்த காபியை எல்லாரும் வாரியத்தின் பொதுக் கிடங்குக்குக் கொடுத்தாக வேண்டும். வாரியம் அதைத் தரம் பிரித்து விற்று, பணத்தைத் தவணை தவணையாகக் கொடுக்கும். போர்க்காலத்தில் ஐரோப்பியச் சந்தை அறுந்துபோனபோது தோட்டங்களைக் காப்பாற்றியது அந்த ஏற்பாடுதான், அதை மறுக்க முடியாது. ஆனால் கிடங்கில் கலந்த பிறகு எந்த மலை, எந்தத் தோட்டம் என்ற அடையாளம் எதுவும் மிஞ்சாது. 1990-களில் படிப்படியாகத் தளர்த்தி, 1996-க்குள் எல்லா விவசாயிகளும் தங்கள் காபியைத் தாங்களே விற்கலாம் என்றானது. பெரிய எஸ்டேட்டுகளிடம் பல்ப்பரும் களமும் ஏற்றுமதித் தொடர்பும் இருந்தன, தங்கள் பெயரிலேயே விற்கத் தொடங்கினார்கள். ஒரு ஏக்கர்காரருக்குக் கிடைத்த சுதந்திரம் வாசலுக்கு வந்த வியாபாரியிடம் விற்கும் சுதந்திரம்தான்.

இந்த இடைவெளியில்தான் கூட்டுறவு நுழைகிறது. இப்போது பல இடங்களில் சட்டப்படி அது உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிவாகியிருக்கும், வேலை ஒன்றுதான். ஊருக்கு ஒரு சேகரிப்பு இடம். பழுத்த பழம் மட்டும் வாங்கப்படும். எடை போட்டதும் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுவார்கள், பூச்சி துளைத்ததும் உள்ளே வற்றியதும் மிதக்கும், அதை அள்ளித் தனியே வைத்துவிடுவார்கள். மூழ்கியது அன்று மாலையே பல்ப்பருக்குப் போகும். தோல் போன பிறகும் கொட்டைமேல் பசை ஒட்டியிருக்கும். தொட்டியில் 12 மணி நேரத்திலிருந்து ஒன்றரை நாள் வரை, குளிரைப் பொறுத்து, அந்தப் பசை நெகிழும் வரை விட்டுக் கழுவுவார்கள். கையில் அள்ளித் தேய்த்தால் வழுக்காமல் நறநறவென்று இருக்க வேண்டும். ஒரு இரவு கூடுதலாக விட்டுவிட்டால் வினிகர் வாடை ஏறிவிடும். பிறகு கால் வைத்த வலைக் கட்டில்களில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, நாளுக்குப் பல முறை கிளறி, நடுப்பகல் வெயிலில் மூடி, ஒன்று முதல் இரண்டு வாரம் காய வைப்பார்கள். மேல்தோடோடு காய்ந்த இதுதான் பார்ச்மென்ட்.

நம் ஊரில் நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டையைத் திருப்பி அனுப்புவார்களே, காபியில் அந்தக் கோடு இன்னும் இறுக்கமானது. வறுக்காத பச்சைக் கொட்டை 10 முதல் 12 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். அதற்கு மேலென்றால் பூஞ்சை, வெகுவாகக் கீழே போனால் கொட்டை நொறுங்கும், மணம் சீக்கிரம் போய்விடும். நெல்லில் ஈரம் கூடினால் காயவைத்துத் திரும்பக் கொண்டுபோகலாம், காபியில் பூஞ்சை பிடித்த பிறகு அதற்கு வழியில்லை. ஒன்றாகப் பதப்படுத்திய அந்தச் சரக்கு, அந்த லாட்டே கெட்டுவிடும். வீட்டு வாசலில் தூறலுக்கும் பனிக்கும் நடுவே இந்தக் கோட்டைப் பிடிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். கூட்டுறவிடம் ஈரமானியும், கூரையும், இரவில் மூட ஆளும் இருப்பதால் முடிகிறது.

இதற்குப் பிறகு வருவது நீங்கள் அறிந்ததே. கியூரிங்கில் தோடு நீக்கி, சல்லடையில் அளவு பிரித்து, கறுப்பும் உடைசலும் பொறுக்கி, பிளாண்டேஷன் ஏ, பீபெரி என்று மூட்டையாகும். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் ஊர்க் கடைகளில் ஏ என்பதும் பீபெரி என்பதும் தரத்தின் பெயர்களாகவே புழங்குகின்றன. அவை கொட்டையின் அளவும் வடிவமும் மட்டுமே. பீபெரி என்பது பழத்துக்குள் இரண்டுக்குப் பதில் ஒற்றையாய் உருண்டு வளர்ந்த கொட்டை. உருண்டையாக இருப்பதால் சட்டியில் சீராகப் புரண்டு வறுபடும், அந்த நன்மை உண்டு. ஆனால் பச்சைக் காயிலிருந்து வந்த பீபெரியைவிடப் பழுத்த பழத்திலிருந்து வந்த, ஏ-வைவிடச் சிறிய பி கிரேடு எனக்கு எப்போதும் மேல்.

ஸ்பெஷாலிட்டி என்பதற்கு உலகச் சந்தையில் ஏற்ற வரையறை இதுதான்: பயிற்சி பெற்றவர்கள் சுவைத்து நூற்றுக்கு 80 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் தர வேண்டும். 350 கிராம் பச்சைக் கொட்டையில் முழுக் கறுப்பு, முழுப் புளிப்பு போன்ற பெரிய குறை ஒன்றுகூட இருக்கக் கூடாது, சிறு குறைகள் ஐந்துக்கு மேல் போகக் கூடாது. பாக்கெட்டில் அச்சடிப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை என்பதால் அந்தச் சொல் இப்போது கண்டபடி புழங்குகிறது. நீங்களே சோதித்துப் பாருங்கள். பெரிய சாதனம் வேண்டாம். 100 கிராமை நடுத்தர வறுவலாக வறுத்துத் தட்டில் பரப்புங்கள். மற்றவை பழுப்பானபோது சில கொட்டைகள் மட்டும் வெளிறி, வேர்க்கடலை நிறத்தில் நிற்கும். அவை பழுக்காத காயிலிருந்து வந்தவை. நல்ல லாட்டில் அப்படி ஒன்றுகூட இருக்கக் கூடாது. உங்கள் வழக்கமான கறுவறுவலில் இது தெரியவே தெரியாது, அதனால்தான் நடுத்தர வறுவல் என்கிறேன்.

அடுத்து ஐந்து டம்ளர். ஒவ்வொன்றுக்கும் 8.25 கிராம் கொட்டையைத் தனித்தனியாக எடை போட்டுத் தனித்தனியாக அரையுங்கள். ஒரே ஒரு கெட்டுப்போன கொட்டை ஒரு டம்ளரில் விழுந்தாலும் அது மற்ற நான்கிலிருந்து பிரிந்து நிற்கும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. டம்ளருக்கு 150 மில்லி வெந்நீர், கொதி அடங்கியதும் ஊற்றுங்கள். நான்கு நிமிடம் கழித்து மேலே கட்டிய நுரையைக் கரண்டியால் விலக்கும்போது மூக்கை அருகில் கொண்டுபோங்கள். பாலும் சர்க்கரையும் வேண்டாம். சூட்டில் ஒரு முறை, வெதுவெதுப்பில் ஒரு முறை, முழுதும் ஆறியபின் ஒரு முறை குடித்துப் பாருங்கள். சுமாரான காபி ஆறியதும் கசந்து மண்ணடிக்கும். நல்ல காபி ஆறும்போதுதான் இனிக்கத் தொடங்கும். சந்தேகமிருந்தால் பெங்களூரில் காபி வாரியத்தின் தரப் பரிசோதனைப் பிரிவு கட்டணத்துக்குச் சுவைத்து அறிக்கை தருகிறது.

சரி, ஒன்றரை மடங்கு விலை எங்கிருந்து வருகிறது? ஏறத்தாழ 6 கிலோ பழத்துக்கு 1 கிலோ பச்சைக் கொட்டை. கணக்குக்காகப் பழம் கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழத்துக்கே 360 ரூபாய். பல்ப்பர், கழுவுதல், காயவைத்தல், கியூரிங், லாரி என்று இன்னொரு 40 ரூபாய். உங்கள் கடை வாசலில் பச்சைக் கொட்டை 400. வறுக்கும்போது நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு எடை போய்விடும். 20 என்று கொண்டால் வறுத்த கிலோ 500. உங்கள் விறகோ கேஸோ, ஆள் கூலி, கடை வாடகை எதுவும் இதில் சேரவில்லை. அந்த 360-தான் வித்தியாசத்தின் மூலம். உருவிப் பறித்தால் ஒரு தடவையில் செடி காலி. பழுத்ததை மட்டும் எடுக்க, ஒரே செடிக்கு நவம்பரிலிருந்து ஜனவரி வரை மூன்று, நான்கு முறை திரும்ப வர வேண்டும். மலைச் சரிவில் கூலி ஆள் கிடைப்பதே அரிது. அந்தக் கூலியை ஈடுகட்டாமல் கூட்டுறவு பழுத்த பழம் கேட்க முடியாது.

பணம் விவசாயிக்குப் போகிறதா என்பது நல்ல கேள்வி, கூட்டுறவு என்ற பெயரே அதற்குப் பதிலாகாது. கென்யாவில் சில நூறு செடி வைத்திருக்கும் விவசாயிகள் தங்கள் சங்கத்தின் ஆலைக்கு அன்றன்றே பழம் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். உலகமே போற்றும் காபி அப்படித்தான் வருகிறது. ஆனால் சங்கத்தின் கடனும் நிர்வாகச் செலவும் கழிந்து, ஏலத்தில் விற்று, மாதங்கள் கழித்து வந்து சேரும் தொகையில் விவசாயியின் பங்கு சுருங்கிப்போன கதைகளும் அங்கேயே உண்டு. ருவாண்டாவில் 2000-ஆம் ஆண்டு வாக்கில் கழுவும் நிலையங்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன, இன்று 300-க்கு மேல். போரும் படுகொலையும் சிதைத்த ஒரு நாடு, சாதாரணக் காபியிலிருந்து சிறந்த காபிக்கு மாறியது பெரும்பாலும் அந்த நிலையங்களால்தான்.

நம் பக்கத்து உதாரணம் அரக்கு. விசாகப்பட்டினத்துக்கு மேலே கிழக்குத் தொடர்ச்சி மலையில் பழங்குடி விவசாயிகள் ஓரிரு ஏக்கரில் வளர்த்த காபி, முன்பு வாரச் சந்தையில் வியாபாரி சொன்ன விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. நாந்தி அறக்கட்டளையின் துணையோடு அவர்கள் கூட்டுறவு அமைத்தார்கள், சிவந்த பழத்தை மட்டும் வாங்கி ஒரே மைய ஆலையில் பதப்படுத்தினார்கள். 2017-ல் அந்தப் பெயரில் பாரிஸில் கடை திறந்தது, 2019-ல் அரக்குப் பள்ளத்தாக்கு அரபிகாவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பாரிஸ் கடையைத்தான் எல்லாரும் பேசுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது ஆலை வாசலில் கிலோவுக்கு என்ன விலை என்று முன்கூட்டியே சொன்னது. விவசாயி பறிப்பதற்கு முன்பே, பச்சையை விட்டுப் பழத்தைப் பறித்தால் எவ்வளவு கூடுதல் என்று தெரிந்துகொள்கிறார். நீலகிரியில் கோத்தகிரியை மையமாகக் கொண்ட ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனமும் உறுப்பினர்களே பங்குதாரர்களாக இருந்து தேன், மிளகோடு காபியும் விற்கிறது. அந்த மலைகளின் தண்ணீர் பவானி வழியாக நம் காவிரிக்குத்தான் வருகிறது.

உங்களுக்கு சாம்பிள் அனுப்பிய கூட்டுறவிடம் கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். போன சீசனில் பழத்துக்கு என்ன விலை கொடுத்தார்கள், அதே வாரம் வியாபாரி என்ன கொடுத்தார்? பணம் எத்தனை நாளில் கைக்கு வந்தது? கொட்டை விற்ற பிறகு இரண்டாவது தவணை உண்டா, எவ்வளவு? இந்த மூட்டையில் உள்ளது எந்த ஊர்ப் பழம், எந்த வாரம் பறித்தது? பொதுக்குழு எப்போது கூடியது, கணக்கு வாசிக்கப்பட்டதா? உண்மையாக நடத்துபவர்கள் பழம் வாங்கிய நோட்டையே காட்டிவிடுவார்கள். அடுத்த சீசன் பறிப்பின்போது ஒருமுறை மலையேறிப் போய், மாலை நான்கு மணிக்கு எடை போடும் இடத்தில் நின்று பாருங்கள். திருப்பி அனுப்பிய பச்சைப் பழத்துக்கு என்ன நடக்கிறது, வாங்கும் பையன் வயதான ஒரு பாட்டியிடம் எப்படிப் பேசுகிறான் என்பதையெல்லாம் பார்த்தாலே அந்தச் சங்கம் யாருடையது என்று தெரிந்துவிடும்.

எனக்கு இந்த விஷயத்தில் உறுதியாகத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். சிறு விவசாயியிடம் நல்ல காபிக்கு வேண்டிய மண்ணும் உயரமும் நிழலும் இருக்கின்றன. எஸ்.795 போன்ற அருமையான பழைய ரகமும், 1985-ல் வெளியான ‘காவேரி’ ரகமும், பிறகு வந்த சந்திரகிரியும் அவர்கள் தோட்டத்தில் நிற்கின்றன. இல்லாதது ரொக்கம். ஆடி மாதத்தில் வீட்டில் பணமுடை. பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, உரம். அப்போது வியாபாரி வந்து முன்பணம் கொடுக்கிறார். அது பிஞ்சும் காயுமாக நிற்கும் விளைச்சலின்மேல் கொடுத்த கடன். கார்த்திகையில் பறிக்கும்போது அந்தப் பழம் ஏற்கெனவே விற்றுப்போனது, விலை பேச விவசாயிக்கு வாய் இல்லை. வியாபாரியைத் திட்டுவதில் பயனில்லை, அந்த நேரத்தில் வேறு யாரும் அந்த வாசலுக்கு வருவதில்லை. சம்பா நடவுக்கு நகையை அடகு வைத்த வீடுகள் உள்ள ஊரில் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கூட்டுறவுக்கும் அதே முடைதான். நவம்பரில் பழத்துக்கு உடனே பணம் கொடுக்க வேண்டும். காயவைத்து, கியூரிங் முடித்து, விற்றுப் பணம் வர மார்ச், ஏப்ரல் ஆகும். இடையில் நான்கைந்து மாதம். அந்த இடைவெளியைத் தாங்க முடியாத சங்கம், பழத்தைக் கடனுக்கு வாங்கும். இரண்டாம் வாரமே விவசாயி வியாபாரியிடம் திரும்பிவிடுவார். நல்ல காபி செய்யத் தெரிந்த சங்கங்கள் சரிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆகவே மார்ச் மாதம் சாம்பிளை வைத்துக்கொண்டு கிலோவுக்கு 20 ரூபாய் குறையுங்கள் என்று பேரம் பேசுவதைவிட, அக்டோபரில் உங்கள் தேவையில் ஒரு பகுதிக்கு முன்பணம் கொடுப்பது அவர்களுக்குப் பல மடங்கு பெரிய உதவி. உங்களுக்கும் நல்லது, முதல் தர லாட் உங்களுக்கென்று ஒதுங்கும். நாலைந்து கடைகள் சேர்ந்தும் செய்யலாம். கும்பகோணம், தஞ்சாவூர், மாயவரம் என்று காபித்தூள் கடைகளுக்குப் பஞ்சமில்லாத பகுதி இது.

விலையை எழுதும்போது ஒரு எச்சரிக்கை. அரபிகாவின் விலை நியூயார்க் சந்தையைப் பார்த்தே ஏறி இறங்கும். பிரேசிலில் 2021-ல் பனி விழுந்தபோது ஏறியது. 2024 டிசம்பரில் 1977-ன் உச்சத்தைக் கடந்து, 2025 பிப்ரவரியில் பவுண்டுக்கு 4 டாலரையும் தாண்டியது. அப்படிப்பட்ட ஆண்டில் வியாபாரி கொடுக்கும் விலையே உங்கள் ஒப்பந்த விலையைத் தாண்டிவிடும், விவசாயி பழத்தை அங்கே கொண்டுபோவார், சங்கம் உங்களுக்குக் கொடுக்க முடியாமல் திண்டாடும். அதனால் ஒரே எண்ணை எழுதாமல், இதற்குக் கீழே போகாது என்று ஒரு அடிவிலையும், சந்தை அதைத் தாண்டினால் சந்தை விலைக்கு மேல் இவ்வளவு என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, டெல்டாக்காரர் என்ற முறையில் நாம் கேட்க உரிமையுள்ள கேள்வி: கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? காபிப் பசை கரைந்த நீர் புளித்து அமிலமாகும். ஓடையில் விட்டால் நீரிலுள்ள உயிர்வாயுவை உறிஞ்சிவிடும், மீன் சாகும், கீழே குளிப்பவர்களுக்குத் தோல் அரிக்கும். பறிப்பின் கடைசி மாதங்கள் ஓடைகளில் நீர் இறங்கும் மாதங்களும்கூட. நாட்டிலேயே அதிகம் காபி விளையும் குடகு மாவட்டத்தில்தான் தலைக்காவேரி இருக்கிறது. பாதிப்பு முதலில் விழுவது ஆலைக்குக் கீழே உள்ள ஊரின்மேல், நம்மேல் அல்ல. ஆனாலும் அதே ஆற்றுத் தண்ணீரில் குறுவை போடும் நாம் கேட்காவிட்டால் யார் கேட்பது? பசையைக் குறைந்த நீரில் இயந்திரத்தாலேயே நீக்கும் பல்ப்பர் இருக்கிறதா, கழிவுநீரைச் சுண்ணாம்பு போட்டுத் தொட்டிகளில் தேக்குகிறார்களா, தோலை உரமாக்குகிறார்களா என்று கேளுங்கள். ஒரு பங்கைக் கழுவாமல் முழுப் பழமாகவே கட்டிலில் காயவைக்கிறார்கள் என்றால் இன்னும் நல்லது, அதற்குத் தண்ணீர் ஏறக்குறைய வேண்டியதில்லை. பழுத்த பழத்தை மெதுவாகக் காயவைத்த அந்தக் காபிக்கும், உருவிக் கொட்டிய செர்ரிக்கும் சுவையில் எந்த உறவும் கிடையாது.

இப்போது டிகிரி காபி. இங்கேதான் வியாபாரம் நிற்கவோ விழவோ போகிறது. உங்கள் வாடிக்கையாளர் எதிர்பார்ப்பது கெட்டியான டிகாக்‌ஷன், பாலை மீறி நிற்கும் கசப்பு, வாயில் நிற்கும் கனம். அந்தக் கனத்தில் பெரும் பங்கு சிக்கரியும் ரொபஸ்டாவும் தருவது. கழுவிய அரபிகாவை லேசாக வறுத்து, சிக்கரி இல்லாமல் பாலில் கலந்து கொடுத்தால், ‘தண்ணியா இருக்கே, லேசா புளிக்குதே’ என்பார்கள். அவர்கள் சொல்வது சரி. அந்தப் புளிப்பு பாலில்லாமல் குடிக்கும்போது ஆரஞ்சுச் சுளையாக இனிக்கும், சூடான பாலில் உறுத்தும். மறுபக்கம், எண்ணெய் மினுங்கும்வரை கறுக்க வறுத்து 40 பங்கு சிக்கரி கலந்தால், 80 மதிப்பெண் கொட்டையும் சந்தைக் கொட்டையும் ஒன்றுதான். அந்த விலை கொடுத்ததற்கு அர்த்தமே இல்லை.

நடுவில் ஒரு இடம் உண்டு. கொட்டையின் நிறம் நடுத்தரத்தைத் தாண்டியதும், எண்ணெய் வெளியே வருவதற்கு முன்பே இறக்கிவிடுங்கள். கழுவிய அரபிகா 70 பங்கு, கழுவிப் பதப்படுத்திய நல்ல ரொபஸ்டா 30 பங்கு. ரொபஸ்டா என்றதும் முகம் சுளிக்க வேண்டாம், பழுத்த பழத்தில் எடுத்துக் கழுவிய ரொபஸ்டா கனமும் மென்மையுமாக இருக்கும், பாலோடு அதற்கு நல்ல பொருத்தம். சிக்கரி வேண்டாம் என்பது என் விருப்பம். பழகிய நாக்குக்காக வேண்டுமென்றால் 10 பங்கோடு நிறுத்துங்கள். சட்டப்படி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, விகிதத்தை லேபிளில் போட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தக் கலவையை உங்கள் பழைய தூளுக்குப் பதிலாக வைக்காதீர்கள். அது ஓடட்டும். பக்கத்தில் தனி டப்பாவில் இது இருக்கட்டும், கேட்பவர்களுக்கு 100 கிராம் கொடுங்கள். முதல் டிகாக்‌ஷனுக்குத் தூளைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு, பாலைக் குறைக்கச் சொல்லுங்கள். தண்ணீரும் பார்க்க வேண்டும். உப்படித்த போர்த் தண்ணீரில் எந்தக் காபியும் மங்கிவிடும், கொள்ளிடக் கூட்டுக்குடிநீர் வரும் வீடுகளில் அதே தூள் வேறு மாதிரி இருக்கும்.

சேமிப்பில் நம் ஊருக்கு ஒரு சிக்கல் உண்டு. மலையிலிருந்து 11 சதவீத ஈரத்தில் வந்த கொட்டை, நம் ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் வெறும் சணல் சாக்கில் கிடந்தால் ஈரத்தைக் குடித்து வெளுத்துவிடும், வைக்கோல் வாடை வரும். காற்றுப் புகாத உள்பை போட்ட மூட்டையாகவே கேளுங்கள். தரையிலும் சுவரிலும் படாமல் மரப்பலகைமேல் அடுக்குங்கள். ஓராண்டுச் சரக்கை மொத்தமாக இறக்காமல், கூட்டுறவின் குளிர்ந்த கிடங்கிலேயே விட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவழைப்பது நல்லது. மழைக்காலத்துக்கு முன் கடைசி லோடு வந்துவிட வேண்டும்.

இந்த ஆண்டு சாம்பிள் பிடித்திருந்தால் ஐந்து, பத்து மூட்டையோடு தொடங்குங்கள். அக்டோபரில் பேசும்போது மூன்றில் ஒரு பங்கு முன்பணம், ஜனவரியில் காய்ந்த பார்ச்மென்டின் சாம்பிளைச் சுவைத்த பிறகு இன்னொரு பங்கு, சரக்கு கடைக்கு வந்ததும் மீதி என்று எழுதிக்கொள்ளலாம். சாம்பிள் சரியில்லாவிட்டால் என்ன செய்வது என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும்: முன்பணத்தைத் திருப்பிக் கேட்காமல், அடுத்த லாட்டுக்கு மாற்றிக்கொள்கிறோம் என்று. ஒப்பந்தம் தமிழில் இருக்கட்டும், சங்கத்தின் பொதுக்குழுவில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.